கேட் ஸ்கேல் எடைமேடை: உங்கள் பிக்கப் எவ்வளவு இழுக்கலாம்? மூன்று சீட்டில் விடை

அமெரிக்காவிலோ கனடாவிலோ பிக்கப் வண்டியில் டிராவல் டிரெய்லர் கட்டி இழுப்பவர்கள், டிரெய்லர் வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டியது கேட் ஸ்கேல் எடைமேடை. நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய டிரக் ஸ்டாப்புகளில், டீசல் பம்புகளைத் தாண்டிப் போனால் இருக்கும். மூன்று தடவை ஏறி இறங்க எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 டாலர் ஆகும். ஊருக்கு ஊர் சற்று முன்பின் இருக்கலாம். கூட்டம் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எடையின் துல்லியத்துக்கு இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தரலாம். பிக்கப்காரருக்கான வசதிக்குப் பாதிதான். ஏன் பாதி என்பதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில், இதற்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும்? டீலரிடம் "இந்த வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டால் 11,000 பவுண்டு, 13,000 பவுண்டு என்று ஒரு பெரிய எண் வரும். 2024 ஃபோர்டு எஃப்-150க்கு விளம்பரத்தில் சொல்லப்படும் உச்சம் 13,500 பவுண்டு, அதாவது ஆறு டன்னுக்கும் மேல். அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட எஞ்சின், ஒரு குறிப்பிட்ட ஆக்சில் விகிதம், அதற்கென்று காசு கொடுத்து வாங்கும் டோயிங் பேக்கேஜ் எல்லாம் கூடிவந்த ஒரு வண்டிக்கான எண். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்ற சோதனை விதிப்படி கணக்கிடுகிறார்கள். டொயோட்டா 2011 மாடல்களிலிருந்தே அதற்கு வந்துவிட்டது. ஃபோர்டு போன்ற டெட்ராய்ட் கம்பெனிகளின் அரை டன் பிக்கப்புகள் 2015 வாக்கில்தான் வந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கத்து நீண்ட ஏற்றத்தில், ஏசியை முழுதாக வைத்து, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நல்ல சோதனைதான். ஆனால் அந்த விதியில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே, தலைக்கு 150 பவுண்டு. பின்சீட்டில் பிள்ளைகள் கிடையாது. பின்தொட்டியில் ஜெனரேட்டர், விறகு, சைக்கிள், அரிசி மூட்டை எதுவும் கிடையாது. குடும்பத்தோடு முகாம் போகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை.

அரை டன் பிக்கப்பில், அதாவது எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டண்ட்ரா போன்ற வண்டிகளில், இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே தீர்ந்துபோவது பேலோடு. வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய எடை அது. டிரெய்லர் பின்னால்தானே உருளுகிறது, முதுகில் எங்கே ஏறுகிறது என்று தோன்றும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் நேராக அமுக்குகிறது. இதற்குத்தான் டங் வெயிட் என்று பெயர். இது முழுக்க பேலோடு கணக்கில் சேரும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். 15-ஐத் தாண்டினால் பிக்கப்பின் பின்புறம் தணிந்து மூக்கு தூக்கும். முன் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைந்து, ஸ்டீயரிங் லேசாகி, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

எடைமேடைக்குக் கிளம்பும் முன் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக டயர் விவரத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோடு. உங்கள் மாடலுடையது அல்ல, உங்கள் வண்டியுடையது. கண்ணாடிக் கூரை, மின்சாரப் படி, தோல் சீட் என்று மேல் மாடலுக்குப் போகப் போக அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகளுக்கு நடுவே 300, 400 பவுண்டு வித்தியாசம் சாதாரணம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஸ்டிக்கரில், வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பான ஜி.வி.டபிள்யூ.ஆர்., முன் ஆக்சில் வரம்பு, பின் ஆக்சில் வரம்பு மூன்றும் இருக்கும். பின் பம்பருக்கு அடியில், ஹிட்சைச் செருகும் ரிசீவர் மேல் ஒட்டியிருப்பதையும் குனிந்து பாருங்கள். சாதாரண பந்தில் நேரடியாகக் கட்டினால் ஒரு வரம்பு, எடையைப் பகிரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் வேறு வரம்பு என்று இரண்டு வரி இருக்கும். பல எஃப்-150களில் முதல் வரம்பு 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு டங் வெயிட். இந்த வரியைப் பார்க்காமலே 7,000 பவுண்டு டிரெய்லரை வெறும் பந்தில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைக் கோடை விடுமுறையில் எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். வண்டியும் டிரெய்லரும் கூடிய மொத்த வரம்பு, ஜி.சி.டபிள்யூ.ஆர்., பெரும்பாலும் கதவில் இருக்காது. கம்பெனியின் டோயிங் கையேட்டில் எஞ்சினையும் ஆக்சிலையும் வைத்துத் தேட வேண்டும். டிரெய்லரின் இடது முன்பக்கத்திலும் அதற்கான ஸ்டிக்கர் உண்டு.

இனி மேடை. கேட் ஸ்கேல் 1977-இல் அயோவா மாநிலத்தில் பில் மூன் என்பவர் தொடங்கியது; தலைமையகம் வால்காட் ஊரில். மண் அள்ளும் கேட்டர்பில்லர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. லவ்ஸ், பைலட், டிஏ போன்ற டிரக் ஸ்டாப்புகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. சரக்கு லாரி ஓட்டுநர்களுக்கு இவர்கள் தரும் உத்தரவாதம் பிரசித்தம்: எங்கள் சீட்டில் எடை சரி என்று வந்து, பின்னால் அரசு மேடையில் எடை கூடுதல் என்று அபராதம் விழுந்தால், ஒன்று அபராதத்தை நாங்கள் கட்டுவோம், இல்லை உங்களுக்காகக் கோர்ட்டுக்கு வருவோம். பிக்கப்காரருக்கு இந்த அபராத விவகாரம் தேவைப்படாது. ஆனால் அப்படி வாய் விட்டுச் சொல்லும் கம்பெனி மேடையை எப்படிப் பராமரிக்கும் என்பதுதான் நமக்கு வேண்டியது.

நம் ஊர் ரைஸ் மில், கல் குவாரி வாசலில் இருக்கும் வே பிரிட்ஜில் ஒரே பலகை. முழு வண்டிக்கும் ஒரே எடை. இங்கே பலகை தனித்தனித் துண்டுகளாக வரிசையில் இருக்கிறது. முன் ஆக்சில் ஒன்றில், பின் ஆக்சில் இரண்டாவதில், டிரெய்லர் ஆக்சில்கள் மூன்றாவதில். சீட்டில் மூன்றும் தனித்தனியாக வந்து, கீழே கூட்டுத்தொகை. பிக்கப்காரருக்கு இந்த மேடையின் முழு மதிப்பும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

பலகைகளின் நீளம் பெரிய லாரிகளுக்காக அளந்தது. பிக்கப்பின் முன் டயரை முதல் பலகையின் முன் ஓரம் வரை ஓட்டிப் போய் நிறுத்திவிடாதீர்கள். அதற்குச் சற்று முன்பே நிறுத்தி, பின் டயர் இரண்டாவது பலகைக்குள் முழுதாக வந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். டயர் எதுவும் இடுக்கின் மேல் நிற்கக் கூடாது. நின்றால் எடை இரண்டு பலகைக்கும் பிரிந்துபோகும். கூட்டுத்தொகை சரியாக வந்தாலும் ஆக்சில் கணக்கு குப்பை. ஏறும் முன்பே வண்டியை நிறுத்தி, இடுக்குகள் எங்கே வருகின்றன என்று இறங்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

எடை போட இரண்டு வழி. பழைய வழி, மேடையோரக் கம்பத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கி உள்ளே இருக்கும் பணியாளரிடம் பேசுவது. பொத்தான் லாரி ஓட்டுநரின் ஜன்னல் உயரத்தில் இருக்கும். பிக்கப்பிலிருந்து எட்டாது, இறங்கித்தான் அமுக்க வேண்டும். "முதல் எடையா, மறு எடையா? டிரக் நம்பர் என்ன?" என்று கேட்பார்கள். சொந்த வண்டி என்றால் போதும். பிறகு மேடையை விட்டு இறங்கி, வண்டியை ஓரம் கட்டி, உள்ளே போய்க் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டாவது வழி வே மை டிரக் செயலி. வீட்டிலேயே கிரெடிட் கார்டைப் பதிந்து வைத்துவிட்டால், மேடையில் நின்றபடி போனில் அமுக்க, எடை போனிலேயே வந்துவிடும்; சீட்டு மின்னஞ்சலுக்குப் போய்விடும். மூன்று தடவை ஏற வேண்டிய பிக்கப்காரருக்குச் செயலிதான் சரி. உள்ளே போய் வரிசையில் நிற்கும் வேலை மூன்று தடவையும் மிச்சம். 24 மணி நேரத்துக்குள் அதே மேடையில் மறுபடி ஏறினால் மறு எடைக் கட்டணம், முதல் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும்.

மூன்று தடவையும் வண்டிக்குள் இருக்கும் எதுவும் மாறக் கூடாது. வரும்போதே டேங்கை நிரப்பிவிட்டு வாருங்கள், நடுவில் நிரப்பாதீர்கள். வீட்டில் யார் யார் பயணம் வருவார்களோ அவர்கள் எல்லோரும் உள்ளேயே இருக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கு முன்னால் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு அவர்கள் இல்லாமல் ஏறினால், 120 பவுண்டு காணாமல் போகும். அது டங் வெயிட் கணக்கில் வந்து உட்கார்ந்து ஆளைக் குழப்பும். டிரெய்லரில் தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் பயணத்துக்கு ஏற்றியபடியே இருக்கட்டும்.

முதல் தடவை டிரெய்லரோடு, ஸ்பிரிங் பார்கள் (வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சில் எடையைப் பகிரும் கம்பிகள்) இறுக்கிய நிலையில். பிறகு இறங்கி ஓரமாக நிறுத்தி, ஸ்பிரிங் பார்களைக் கழற்றிவிட்டு, டிரெய்லர் வெறும் பந்தில் உட்கார்ந்திருக்க, இரண்டாவது தடவை. லாரிகள் இல்லாத நேரத்தில் சிலர் மேடையிலேயே இறங்கிக் கழற்றுகிறார்கள். வேண்டாம். பின்னால் வருகிற லாரி ஓட்டுநருக்கு ஒவ்வொரு நிமிடமும் கூலி. மூன்றாவது தடவை, டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு பிக்கப் மட்டும். பந்து பொருத்திய ஹிட்ச் தலை ரிசீவரிலேயே இருக்கட்டும்.

கணக்கு எப்படி வரும் என்று காட்ட ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். கதவு ஸ்டிக்கரில் பேலோடு 1,600 பவுண்டு, மொத்த வரம்பு 7,050, பின் ஆக்சில் வரம்பு 4,050. விளம்பர இழுவை 11,000-க்குச் சற்று மேல். டிரெய்லரின் மொத்த வரம்பு 7,600. குடும்பத்தில் நான்கு பேர் சேர்ந்து 500, பின்தொட்டியில் சாமான் 150, ஹிட்ச் தலை 90, பின்னால் போட்ட தொட்டி மூடியும் ரப்பர் பாயும் 80. மூன்று சீட்டும் இப்படி வந்தன என்று வையுங்கள் (சீட்டில் எடை 20 பவுண்டுப் படிகளாகத்தான் வரும்):

முதல் சீட்டு, பார் இறுக்கியது: முன் 3,080, பின் 3,980, டிரெய்லர் 6,240, மொத்தம் 13,300.
இரண்டாம் சீட்டு, பார் கழற்றியது: முன் 2,860, பின் 4,320, டிரெய்லர் 6,120, மொத்தம் 13,300.
மூன்றாம் சீட்டு, பிக்கப் மட்டும்: முன் 3,280, பின் 2,980, மொத்தம் 6,260.

இரண்டாம் சீட்டில் முன்னும் பின்னும் கூட்டினால் 7,180. அதிலிருந்து மூன்றாம் சீட்டின் 6,260-ஐக் கழித்தால் 920. அதுதான் டங் வெயிட். அதோடு டிரெய்லர் ஆக்சில்களில் இருந்த 6,120-ஐச் சேர்த்தால் டிரெய்லரின் உண்மையான எடை 7,040. 920 அதில் 13 சதவீதம். நல்ல இடத்தில் இருக்கிறது. டிரெய்லரின் சொந்த வரம்பு 7,600-க்குள்ளும் இருக்கிறது.

இப்போது பிக்கப்பைப் பாருங்கள். பார் இறுக்கிய முதல் சீட்டில் முன்னும் பின்னும் சேர்த்து 7,060. வரம்பு 7,050. தொட்டுவிட்டது. பத்து பவுண்டு என்பது மேடையின் ஒரு படியைவிடக் குறைவு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இனி ஒரு ஐஸ் பெட்டி வைக்கக்கூட இடம் இல்லை. டீலர் சொன்ன 11,000-க்கு இன்னும் நான்காயிரம் பவுண்டு பாக்கி இருக்கும்போதே வண்டி நிறைந்துவிட்டது. கியர், எஞ்சின், வண்டியும் டிரெய்லரும் கூடிய வரம்பு எதுவும் தடுக்கவில்லை, நிறைந்தது முதுகு. இந்த ஒரு வரி தெரிவதற்குத்தான் அந்த 25 டாலர்.

பார் கழற்றிய சீட்டு இன்னொன்றும் சொல்கிறது. பின் ஆக்சில் 4,320, வரம்பு 4,050. 270 பவுண்டு அதிகம். டங் வெயிட் 920 தானே, பின் ஆக்சிலில் ஏன் 1,340 ஏறியது? பந்து பின் ஆக்சிலுக்கும் ஐந்தடிக்கு மேல் பின்னால் தொங்குகிறது. அங்கே அமுக்கினால் நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன் ஆக்சில் இழந்த 420-ம் பின்னால் வந்து சேர்கிறது. ஸ்பிரிங் பார் செய்யும் வேலை அந்த 420-இல் ஒரு பகுதியை முன்னே திருப்பித் தள்ளுவது. முதல் சீட்டில் முன் ஆக்சில் 2,860-இலிருந்து 3,080-க்குத் திரும்பியிருக்கிறது. இழந்த 420-இல் 220, பாதிக்குச் சற்று மேல். ஃபோர்டு கையேடுகளில் பாதி மீட்டால் போதும் என்ற கணக்கு உண்டு. உங்கள் வண்டிக் கையேடு என்ன சொல்கிறதோ அதைப் பாருங்கள். முழுதையும் மீட்க வேண்டும் என்று பாரை மேலும் மேலும் இறுக்காதீர்கள். பின் சக்கரங்கள் லேசாகி மழையில் வழுக்கும். ரிசீவரும் முறுக்கு தாங்காது. பாரை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டி அல்லது குறைத்து, மறுபடி மேடை ஏறிப் பார்ப்பதுதான் முறை. மறு எடைதானே, சில டாலர். ஒரு கண்ணி அதிகம், ஒரு கண்ணி குறைவு என்று நின்றால், ஹிட்ச் தலையின் சாய்வை வாஷர் சேர்த்தோ எடுத்தோ மாற்ற வேண்டும்.

பின் ஆக்சிலுக்கு மேல் கூடுதலாகப் போடும் ஏர் பேக் (காற்றுப் பை), ஹெல்ப்பர் ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. பின்புறம் தணிகிறது என்றதும் கடைக்காரர்கள் அதைத் தலையில் கட்டிவிடுவார்கள். காற்றடித்து வண்டி நேரானதும் எல்லாம் சரியானது போல் இருக்கும். மேடையில் ஏற்றிப் பாருங்கள், பின் ஆக்சில் எடை அப்படியே இருக்கும். வரம்பும் கூடாது. வெளியே தெரிந்துகொண்டிருந்த அறிகுறியைத்தான் மறைத்திருக்கிறீர்கள்.

டிரெய்லர் வாங்காதவர்கள்கூட இந்த மேடையைப் பயன்படுத்தலாம். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் லாபம் அதிகம். குடும்பமும் சாமானும் முழு டேங்கும் ஹிட்சுமாக பிக்கப்பை மட்டும் ஒரு தடவை ஏற்றுங்கள். மாதிரி வண்டிக்கு வரம்பு 7,050, சீட்டில் 6,260, மிச்சம் 790. டங் வெயிட் 13 சதவீதம் என்று வைத்தால் 790-ஐ 0.13-ஆல் வகுத்து 6,077. ஏறக்குறைய 6,000 பவுண்டு, முழுதாக ஏற்றிய நிலையில். ஸ்பிரிங் பார் கொஞ்சம் எடையை டிரெய்லர் ஆக்சிலுக்கே திருப்பிவிடும் என்பது உண்மைதான் (மேலே 120 பவுண்டு), அதை மீதி இடமாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் செலவழிக்காதீர்கள். 15 சதவீதம் வைத்தால் 5,267-க்கு இறங்கிவிடும். டீலர் காட்டும் டிரெய்லரின் ஸ்டிக்கர் மொத்த வரம்பு இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்று எடையைப் பார்க்காதீர்கள். கண்காட்சித் தாளில் போட்டிருக்கும் வெற்று டங் வெயிட்டைச் சுத்தமாக மறந்துவிடலாம். அதில் பெரும்பாலும் பேட்டரி இருக்காது, நிரம்பிய கேஸ் சிலிண்டர் இருக்காது. இரண்டு சிலிண்டரும் ஒரு பேட்டரியும் சேர்ந்தால் 130 பவுண்டுக்கு மேல். எல்லாம் சரியாக ஹிட்ச் பக்கத்து மூக்கிலேயே உட்காரும். 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 334 பவுண்டு. தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் டங் வெயிட் கூடும், பின்னால் இருந்தால் குறையும். வாங்கும் முன் கீழே குனிந்து தொட்டி எங்கே என்று பார்ப்பவர் மிகக் குறைவு.

உச்ச இழுவையில் 80 சதவீதம் வரை இழுத்தால் பயமில்லை என்று ஒரு கணக்கு எங்கு போனாலும் சொல்வார்கள். மேலே உள்ள வண்டிக்கு அது 8,800 பவுண்டு ஆகும்! அந்த எடையில் 13 சதவீத டங் வெயிட் 1,144. முதுகில் மிச்சமிருந்த 790-ஐ எங்கேயோ தாண்டிவிட்டது. மலை ஏறும்போது எஞ்சினுக்கு அந்தக் கணக்கு உதவலாம். ஆக்சிலுக்கும் டயருக்கும் உதவாது.

இனி குறைகள். சீட்டில் எண்கள் மட்டும் வரும். உங்கள் வரம்பைத் தாண்டினீர்களா என்பதை அது சொல்லாது. பணியாளரிடம் கேட்டாலும் அவருக்கு 80,000 பவுண்டு லாரிக் கணக்குதான் தெரியும். மேலே சொன்ன கூட்டல் கழித்தலை நீங்களே போட வேண்டும். இடது, வலது என்று பிரித்து எடை கிடையாது. வெளியே இழுத்து நீட்டும் ஸ்லைடு அறை, சமையலறை, தண்ணீர் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும் டிரெய்லரில் ஒரு பக்க டயர் வரம்பைத் தாண்டியிருக்கலாம். ஆக்சில் மொத்தம் சரியாகவே காட்டும். அதற்குச் சக்கரம் சக்கரமாக எடை பார்க்கும் டிரெய்லர் பயணிகளின் எஸ்கேபீஸ் சங்கம் நடத்தும் ஸ்மார்ட்வே போன்ற சேவைக்குப் போக வேண்டும். அது சில ஊர்களில் மட்டும், நேரம் குறித்துக்கொண்டு.

மூன்றாவது தடவைக்கு டிரெய்லரைக் கழற்றி எங்கே விடுவது என்பதுதான் பெரிய தலைவலி. டிரக் ஸ்டாப்பில் சாயந்திரம் நான்கு மணிக்கு மேல் லாரிகள் தூங்க வந்துவிடும். ஒரு இடம்கூடக் கிடைக்காது, கிடைத்தாலும் நாள் முழுக்க ஓட்டிக் களைத்தவரின் இடத்தை அடைத்ததாக ஆகும். காலை ஒன்பதுக்கு மேல் மதியத்துக்குள் போங்கள். இடம் இல்லாவிட்டால் மூன்றாவது எடையைத் தள்ளிப்போட்டு, டிரெய்லரை வீட்டில் விட்டபிறகு அதே ஆட்கள், அதே சாமான், முழு டேங்கோடு வந்து போடலாம். 24 மணி நேரம் இருக்கிறதே. கழற்றும்போது டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை முதலில், பிறகுதான் ஜாக். டிரக் ஸ்டாப்பின் தரை சரிவாகத்தான் இருக்கும்.

வேறு வழிகளும் உண்டு. ஒரிகன் மாநிலத்தில் அரசு எடை நிலையங்கள் மூடியிருக்கும்போதும் எடை காட்டும் திரையை எரியவிட்டிருப்பார்கள். காசு இல்லாமல் ஆக்சில் ஆக்சிலாக நிறுத்திப் பார்க்கலாம், சீட்டு மட்டும் கிடையாது. பழைய இரும்புக் கடை, குப்பைக் கிடங்கு மேடைகளும் உதவும். ஷெர்லைன் போன்ற ஹைட்ராலிக் டங் ஸ்கேல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், சாமான் மாற்றும் ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலிலேயே டங் வெயிட் பார்க்கலாம். ஜாக்குக்கு அடியில் வைத்தால் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஜாக் ஆக்சிலுக்குச் சற்று அருகில் இருப்பதால். பந்தின் மேல் மாட்டும் மூக்கான கப்ளருக்கு நேர் கீழே வைக்க வேண்டும். புதிய எஃப்-150களில் வரும், வண்டியே சுமையை மதிப்பிட்டுக் காட்டும் ஆன்போர்டு ஸ்கேல் வசதியும் பரவாயில்லை, ஏற்றும்போது ஒரு உத்தேசத்துக்கு. ஆனால் ஆக்சில் வரம்பைத் தாண்டவில்லை என்று உறுதி சொல்ல அதை நம்ப வேண்டாம். இவையெல்லாம் மேடைக்குத் துணை, மாற்று அல்ல.

சீட்டு வரம்பைக் காட்டிவிட்டால் உடனே பெரிய வண்டி வாங்க ஓட வேண்டியதில்லை. மாதிரி வண்டியில் பின்தொட்டியில் இருந்த 150 பவுண்டு விறகையும் சாமானையும் டிரெய்லருக்குள், ஆக்சில்களுக்கு நேர் மேலே மாற்றினால், டங் வெயிட் ஏறக்குறைய அப்படியே 920-இல் நிற்கும். பிக்கப் 7,060-இலிருந்து 6,910-க்கு இறங்கும். டிரெய்லர் 7,190 ஆகும், 7,600-க்குள்தான். சதவீதம் 12.8, இன்னும் நல்ல இடம். டிரெய்லரின் ஆக்சில்கள் ஒவ்வொன்றும் 3,500 என்றால் 7,000-க்கு உள்ளேயே 6,390. ஒரு பைசா செலவு இல்லை. தண்ணீரை முகாமுக்குப் போய் நிரப்பிக்கொண்டால் இன்னும் இடம் கிடைக்கும். ஆனால் முன்பக்கப் பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் பின்னால் தள்ளி டங் வெயிட்டைக் குறைக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். முதுகு இலேசாகும், 65 மைல் வேகத்தில் லாரி ஒன்று தாண்டும்போது டிரெய்லர் ஆடும்.

டிரெய்லரின் பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டால் மறுபடி ஏற்ற வேண்டும். ஆக்சில் நடுவிலிருந்து 12 அடி பின்னால் 100 பவுண்டு தொங்கினால், கப்ளருக்கும் ஆக்சிலுக்கும் பதினேழரை அடி உள்ள டிரெய்லரில் டங் வெயிட் 68 பவுண்டு அளவுக்குக் குறையும். 920 இருந்தவருக்கு 850 ஆகும், தாங்கும். 10 சதவீதத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவருக்குத் தாங்காது. டிரெய்லர் டயர் மாற்றினாலும், பிக்கப்பில் தொட்டி மூடி போட்டாலும், கொலராடோ மாதிரி உயரமான மாநிலத்துக்குக் கிளம்பினாலும் அப்படியே. ஃபோர்டு கையேடுகள் ஆயிரம் அடி உயரத்துக்கு இரண்டு சதவீதம் என்று, வண்டியும் டிரெய்லரும் கூடிய மொத்த வரம்பைக் குறைக்கச் சொல்கின்றன. 8,000 அடியில் 16 சதவீதம். மாதிரி வண்டிக்கு அந்தக் கூட்டு வரம்பு 16,000 என்று வைத்தால் அங்கே 13,440. அந்த வண்டியின் சீட்டில் 13,300.